வழியில் இறங்காதீங்க என்றவள் நான்தான்

நாங்கள் கல்முனையில் வசிக்கிறோம். என் கணவர் இங்கிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதி. யுத்த காலத்தில் அவர் புறப்படும்போதெல்லாம், "வழியில எங்கயும் இறங்காதீங்க" என்று சொல்லித்தான் அனுப்புவேன். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகும் என் பயம் போகவில்லை, அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் நான் கட்டிக் கொடுக்கும் இறைச்சிச் சோற்றைக்கூட லொறி சீட்டிலிருந்தே சாப்பிட்டார்.

சென்ற நோன்புப் பெருநாளன்று, சுனாமிக்குப் பின் எங்களுக்குக் கிடைத்த மூன்றாம் மாடி வீட்டுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு ஏறியவர், பாதிப் படியில் வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாய்வு புள்ள, இஞ்சித் தண்ணி தா" என்றார் என்னிடம். இஞ்சி தட்ட மேலே குசினிக்கு ஓடிய நான், மனம் கேட்காமல் திரும்பி வந்து ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்ததில், அல்ஹம்துலில்லாஹ், மாரடைப்பு இல்லை. ஆனால் பிரஷரும் கொலஸ்ட்ரோலும் கூடியிருந்தன. "ஓட்டத்துக்கு இடையில் இறங்கி நடப்பதில்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"இவ உடமாட்டா, சேர்" என்று அவர் என்னைக் காட்ட, டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போது சோற்றுப் பொதியில் மீனும் மரக்கறியும்தான் அதிகம். லொறியை நிறுத்தும் இடமெல்லாம் அவர் கொஞ்சம் நடக்கிறார். நானே போன் எடுத்து, "இறங்கிட்டீங்களா?" என்று கேட்கிறேன்.

"ஓம் புள்ள, நடந்து நடந்துதான் கதைக்கன்" என்பார்.

உடனே எனக்கு அடுத்த பயம் வந்துவிடும்.

"அப்ப போனை வைங்க, ரோட்டைப் பார்த்து நடங்க!"