மிதந்த கட்டை

சந்திரலேகா போகிற வீடுகளில் கதவு, கட்டில், நாற்காலி எதற்கும் நிம்மதி கிடையாது. கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். தங்கைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கச் சேத்தியாத்தோப்புக்குப் போனபோது, பர்மா தேக்கு என்று அவர்கள் பெருமையடித்த வாசல் கதவை "இது வேம்புங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சம்பந்தம் காபியோடு முடிந்தது. தங்கைக்கு வேறு இடம் அமைகிறவரை அம்மா லென்ஸை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

கடத்தலில் பிடிபட்ட மரம் எந்த மரம் என்று சொல்வதுதான் சிதம்பரத்து ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. இலையும் பூவும் போய் வெறும் கட்டையாக வரும். பிளேடால் சீவி, நுண்ணோக்கியில் துளைகளைப் பார்த்துச் சான்று எழுதுவாள். அதை வைத்துத்தான் கடலூரில் வனத்துறை அதிகாரி முன்னால் விசாரணை நடக்கும். ஆறு வருஷமாக வந்ததெல்லாம் தேக்கு, தேக்கு, மறுபடியும் தேக்கு. செம்மரம் ஒன்று கைக்கு வராதா என்று ஏங்கிக் கிடந்தாள்.

போன ஆனியில் வந்தேவிட்டது. பண்ருட்டி தாண்டிப் போன பலாப்பழ லாரியில், பழத்துக்கு அடியில் இருபது சிவப்புக் கட்டைகள். விற்ற உத்திராபதியும், வாங்க வந்த சென்னை ஆள் இளவரசுவும் லாரியிலேயே மாட்டினார்கள். இருவரும் வாயே திறக்கவில்லை. பேப்பரில் செம்மரக் கடத்தல் என்றே போட்டுவிட்டார்கள். சந்திரலேகா விசாரணைக்குக் கட்டிக்கொண்டு போக அரக்கு நிறத்தில் புதுப்புடவை எடுத்துவிட்டாள்.

கட்டை வந்த அன்று ஆய்வக வாசலில் நெல்லிக்குப்பத்து ருக்கையா நின்றிருந்தாள். வாடகைக்கு விட்ட அந்த லாரி அவளுடையது. கட்டை செம்மரமென்றால் அரசாங்கம் லாரியை எடுத்துக்கொள்ளும்.

"பலாப்பழம்னுதான் மேடம் சொன்னாங்க. எங்களுக்கு இருக்கறது அந்த ஒரு லாரிதான். அதுவும் போயிட்டா நாங்க எங்க போவோம்?"

"மரம் என்ன சொல்லுதோ அததான் அக்கா நான் எழுதுவேன். நீங்க இங்கெல்லாம் நிக்கக் கூடாது, போங்க."

உள்ளே வந்தவளுக்கு வெட்கமாக இருந்தது. செம்மரமாக இருக்க வேண்டுமே என்றுதான் அவள் மனசு வேண்டிக்கொண்டிருந்தது.

சிறு துண்டு ஒன்றை வெட்டித் தண்ணீர் டம்ளரில் போட்டாள். செம்மரம் கல் மாதிரி முங்கும். இது ஜாலியாக மிதந்தது. விரலால் அழுத்தினாள்; விட்டதும் மேலே வந்தது. விரல் சிவந்திருந்தது. பிளேடை இன்னும் ஆழமாக இறக்கினாள். உள்ளே மஞ்சள். நுண்ணோக்கியில் மூன்று தரம் பார்த்தாள். சந்தேகமே இல்லை, பலா. பலாப்பழத்துக்கு அடியில் சாயம் பூசிய பலாக்கட்டையை ஒளித்திருக்கிறான் படுபாவி.

முதலில் அழுகை வந்தது. அடுத்து வந்த சிரிப்பில் டம்ளரைத் தட்டிவிட்டாள்.

விசாரணைக்கு அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனாள், எடுத்தாகிவிட்டதே.

"இருபதும் பலாங்க ஐயா. மேல சாயம் பூசியிருக்கு."

ருக்கையா துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உத்திராபதி குதிப்பான் என்று பார்த்தால் அவன் முகம் வெளுத்துப்போயிற்று. பயந்து பயந்து இளவரசுவைப் பார்த்தான். இளவரசு மெதுவாக எழுந்தான்.

"அப்போ போன மாசம் வேற லாரில அனுப்பின ரெண்டு லோடு?"

அவனுடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வுடுங்க சார், நான் ஏமாந்து நிக்கிறேன். மேடம், மாதவரம் குடோன்ல இன்னும் அந்தக் கட்ட கெடக்குது. அதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அதிகாரி குனிந்த தலை நிமிராமல் குடோன் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. சந்திரலேகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே ருக்கையா லாரியை மீட்டுக்கொண்டு, நெல்லிக்குப்பம்வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனாளாம்.

அடுத்த வாரம் குடோன் கட்டை சிதம்பரம் வந்தது. சந்திரலேகா கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துண்டை வெட்டி டம்ளரில் விட்டாள். ஆளை நம்ப வைக்க உத்திராபதி முதல் இரண்டு லோடும் அசல் சரக்காகவே கொடுத்திருந்தான். துண்டு நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

நுண்ணோக்கியிலும் மூன்று தரம் பார்த்தாள்; செம்மரமேதான். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு, அரக்குப் புடவையை இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னாள்.