எந்தக் குட்டி?

போன வாரத்திலிருந்து எங்கள் ஊர் டீக்கடையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்ன மனிதரிடம், ‘அது கெடக்குது விடுங்க’ என்று சொன்ன மகராசி நான்தானாம்.

சொன்னேனா? சொன்னேன். ஏறக்குறைய அதே வார்த்தைகளில்தான் சொன்னேன். ஆனால் நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நாங்கள் இருப்பது பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். சுற்றிலும் தென்னந்தோப்பு, நடுவில் வீடு. நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவருக்குத் தமிழும் மலையாளமும் ஒரே நாக்கில் ஓடும். எனக்கும் மலையாளம் வரும்... சாவகாசமாக இருந்தால் வரும். அவசரத்தில் காலை வாரிவிடும்.

வீட்டில் ஒரு நாய் இருக்கிறான். செவலை நிறத்தில், சுத்தமான நாட்டு நாய். வந்தபோது ஒரு கைக்குள் அடங்குகிற சைஸ் என்பதால் ‘குட்டி’ என்று பெயர் வைத்தோம். ஆள் வளர்ந்துவிட்டான், பெயர் மட்டும் வளரவில்லை. இப்போது எழுந்து நின்றால் என் தோளில் கை போடுவான். அவனிடம் ஒரு நல்ல குணம் — பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், சோற்றுத் தட்டைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்து நிற்பான். கூப்பிட்ட குரலுக்கு வருவதில் எங்கள் வீட்டு மனிதர்கள் யாரும் அவனிடம் நெருங்க முடியாது. கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் எங்கள் மகள் பிறந்தாள். குழப்பமும் கூடவே பிறந்தது.

மலையாளத்தில் குட்டி என்றால் குழந்தை. பிள்ளையைப் பார்க்க வருகிற மலையாளத்துக்காரர்கள் வாசலிலேயே, ‘குட்டி எவிடெ?’ என்று ஆசையாகக் கேட்பார்கள். கேட்டு வாய் மூடுவதற்குள் நாய் அவர்கள் மேல் ஏறியிருக்கும். ‘குட்டி உறங்கியோ?’ என்று ஒரு சேச்சி கேட்க, ‘எங்கீங்க, எருக்குழியில பொரண்டுட்டுக் கெடக்குது’ என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். ஹெல்த் சென்டரில் நர்ஸ் குட்டிக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரித்தபோது, எல்லாம் மிருகாஸ்பத்திரியிலேயே போட்டாகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னவளும் நானேதான். குழந்தை அப்போது என் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நாயின் பெயரை மாற்றிவிடலாம் என்று கணவர் யோசனை சொன்னார். ‘டைகர்’ என்று ஒரு நாள் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தோம். யாரோ வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள் போல என்று அவன் பாட்டுக்குத் தூங்கினான். சரி, சிரிக்கத்தானே ஒரு விஷயம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. நாய்க்கு நாலு வயது. அவளுக்கு அவன் ‘டுட்டி’. பிஸ்கட்டில் முதல் கடி அவளுக்கு, மீதி அவனுக்கு. சில நாள் வரிசை மாறிவிடும்... அதைப் பார்க்காத மாதிரி நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்குத் தேங்காய் போட ஆட்கள் வந்திருந்தார்கள். காய் ஏற்ற டெம்போ வருவதற்காக கேட்டை விரியத் திறந்து வைத்திருந்தோம். நான் அடுப்படியில் அத்தனை பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மகள் அப்பாவோடு தோப்பில் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என்னோடு வீட்டுக்குள் இருக்கிறாள் என்று அவர் நினைத்தார். இரண்டு பேர் பார்த்துக்கொள்கிற குழந்தையை இரண்டு பேருமே பார்க்காத ஒரு நேரம் எல்லா வீட்டிலும் உண்டு. உங்கள் வீட்டில் இல்லையா?

டீயைக் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டேன். “ஏனுங்க, அம்மிணி எங்கீங்க?” பெண் குழந்தையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“ஊட்டுக்குள்ள உங்கூட இருக்கறான்னுல்ல நெனச்சேன்,” என்றார் அவர்.

எங்கள் தோப்பின் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. அந்த வாரம்தான் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் அதே நினைப்புத்தான். அவர் டம்ளரைப் போட்டுவிட்டு வாய்க்காலைப் பார்க்க ஓடினார். ஆட்களும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

நான் வீட்டைச் சுற்றித் தேடினேன். கட்டிலுக்கு அடியில், மாட்டுச்சாளையில், டெம்போவின் சக்கரத்துக்குப் பின்னால். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் என் மனம் என்ன பாடுபட்டது என்பதை எழுத என்னால் முடியாது, மன்னித்துவிடுங்கள். தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன் — குட்டியையும் காணோம். கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். வரவில்லை. கேட் திறந்திருந்ததும் ஊர் மேயப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் போட்ட சோற்றுக்கு இந்த ஒரு நாள் பக்கத்தில் இருக்கக்கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன்.

பக்கத்துத் தோட்டம் சுரேந்திரன் சேட்டனுடையது. சத்தம் கேட்டு அவரும், கணவர் கிழக்கே போனதால், வாய்க்காலின் மேற்குப் பக்கமாகத் தேடப் போயிருந்தார். ‘குட்டீ... குட்டீ...’ என்று அவர் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. எனக்கு வந்ததே ஒரு கோபம். பிள்ளையைக் காணோம் என்று நாங்கள் பதறுகிறோம், இந்த மனுஷன் நாயைத் தேடிக்கொண்டிருக்கிறாரே!

கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து போன்.

“குட்டியெ கிட்டி, கேட்டோ. பேடிக்கண்டா.”

குட்டி கிடைத்துவிட்டது, பயப்பட வேண்டாம் என்கிறார். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மலையாளம். ஆனால் என் காது அன்றைக்குப் பொள்ளாச்சிக்குக் கிளம்பிப் போய்விட்டது. கதி கலங்கும்போது பிறந்த ஊர்ப் பேச்சு ஒன்றுதான் காதில் மிச்சம் இருக்கும் போலிருக்கிறது.

“குட்டி கெடக்குதுங்க சேட்டா,” என்று நான் கத்தினேன். “அது தானா ஊடு வந்து சேந்துக்கும். அத அங்கயே உட்டுட்டு வாங்க.”

இது என்ன பேச்சு என்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல் அவர் கேட்டார்.

“எந்தா ஈ பறயுந்நெ? ரெண்டு வயசுள்ள குட்டி தனிச்சு வீட்டில் வருமோ?”

ரெண்டு வயசு.

நாய்க்கு நாலு வயசு என்பது அந்த நிலையிலும் எனக்குத் தெரிந்திருந்தது, அதற்குக் கடவுளுக்கு நன்றி. போனைக் காதில் வைத்தபடியே தேங்காய்க் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். சிரித்ததாகவும் சொல்கிறார்கள். அப்புறம் எழுந்து ஓடினேன்.

சுரேந்திரன் சேட்டன் தன் பங்குக்குச் சொன்னது இது. அவர் குழந்தையைத்தான் கூப்பிட்டிருக்கிறார். குழந்தை வாயைத் திறக்கவில்லை, ஒரு நாய் குரைத்திருக்கிறது. மறுபடி ‘குட்டீ’ என்றிருக்கிறார், மறுபடி குரைப்பு. ஒவ்வொரு முறையும் தவறாமல் பதில் வந்ததும் மனிதருக்குச் சந்தேகம் தட்டி, அந்தச் சத்தத்தை நோக்கி நடந்திருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தபோதும் அவர்கள் அதே இடத்தில்தான் இருந்தார்கள். வாய்க்கால் கரையின் சரிவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் குட்டி நீட்டிப் படுத்திருந்தான். அவள் கையில் ஒரு காய்ந்த ஈர்க்குச்சி. ‘டுட்டி போ, டுட்டி போ’ என்று அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். மேடத்துக்குத் தண்ணீரில் விளையாட வேண்டும், இவன் வழி விட மாட்டேன் என்கிறான் என்று ஆத்திரம். சேட்டன் தூக்கப் போனாராம், அவரை உறுமி நிறுத்திவிட்டதாம் நாய். அவரும் கைக்கெட்டும் தூரத்திலேயே காவல் நின்றுவிட்டார். நான் குழந்தையை வாரி எடுத்த பிறகுதான் அவன் எழுந்து உடம்பை உதறினான்.

நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. நாய்க் காது! பதிலுக்குக் குரைத்தும் இருப்பான், பதற்றத்தில் என் காதில்தான் ஏறவில்லை. பெயரைச் சொன்னால் சோற்றை விட்டு ஓடி வருகிறவன், நான் அப்படிக் கதறிக் கூப்பிட்டும் வரவில்லை. அவன் மட்டும் அன்றைக்கு என் சொல்லைக் கேட்டு ஓடி வந்திருந்தால்... வேண்டாம். அதற்கு மேல் யோசிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியிருக்கிறோம் இல்லையா? சோறு போடுவது நம் வேலை, நன்றி சொல்வது அதன் வேலை என்று நானும் இத்தனை நாள் நிம்மதியாக இருந்துவிட்டேன். அன்றைக்குச் சாயந்திரம் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். திட்டியதற்கெல்லாம் மன்னிப்பும் கேட்டேன். அவன் கவனம் முழுக்கக் கணவர் வாங்கி வந்திருந்த கறியின் மேல்தான் இருந்தது. கேட்டில் இப்போது உயரமாக ஒரு கொண்டி போட்டிருக்கிறோம். சுரேந்திரன் சேட்டன் தினமும் ஒருமுறை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகிறார். வாசலில் நின்று என்னையும் ஒரு பார்வை பார்க்கிறார். எத்தனை விளக்கம் சொன்னாலும் அந்த மனிதருக்கு என் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. அவர் எவ்வளவு சந்தேகப்பட்டாலும் சரி, இந்த ஜென்மத்துக்கும் அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

நேற்று பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் போனோம். என் மடியில் இருந்த மகளின் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சிக்கொண்டே வந்தார் பக்கத்து சீட்டுச் சேச்சி. பேச்சுவாக்கில், எத்தனை பிள்ளைகள் என்பதை அவர் மொழியில் கேட்டார்.

“எத்தற குட்டிகளுண்டு?”

“ரெண்டு,” என்றேன்.

முன் சீட்டிலிருந்து கணவர் திரும்பிப் பார்த்தார். திருத்தவில்லை.