தொழுவத்து வழியாகப் போன டெலிவரி பை

முதல் நாள்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்தேன். அன்றைக்கே ராஜபாளையத்திலிருந்து பிரசவக் கேஸ். மிஸ்ஸியம்மாவும் நானும் மோட்டாரில் போனோம். மிஸ்ஸியம்மா எங்கள் வெள்ளைக்கார நர்சிங் சூப்பரிண்டெண்ட். புத்தகத் தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் சுத்தமாகப் பேசுவார்.

பெரிய வீடு. பிள்ளைத்தாச்சியின் மாமியார் மிஸ்ஸியம்மாவைக் கும்பிட்டு முன்வாசல் வழியாக அழைத்துப் போனார். என்னிடம், "ஏட்டி, நீ எந்தத் தெரு?" என்று கேட்டார்.

"மம்சாபுரம் சேரி."

"அப்பம் தொழுவத்து வழியா சுத்தி வா."

பிரசவச் சாமான்கள் இருந்த டெலிவரி பை என் கையில் இருந்தது. நான் சாணியை மிதித்துச் சுற்றி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது, அழவில்லை. மிஸ்ஸியம்மா வெறுங்கையோடு தவித்தார். பையைத் திறந்து டியூப் போட்டுச் சளியை எடுத்தேன். வாயில் வாய் வைத்து ஊதினேன். கடைசியில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும்போது மிஸ்ஸியம்மா குமுறினார். "எஸ்தர், நீ ஏன் அந்த வழியே போனாய்? அது அநியாயம் அல்லவா?"

என் வாய் சும்மா இருந்தால்தானே? "காலையில உங்க பங்களாவுக்கும் பின்வாசல் வழியாத்தானம்மா என்னைய வரச் சொன்னாக. வெள்ளைக்கார சிஸ்டர்மாருதான முன்னால போறாக."

சொன்ன பிறகுதான் வீட்டு நினைவு வந்தது. அம்மாவும் இரண்டு தங்கைகளும் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். 

பத்தாம் நாள்

பிள்ளையைப் பார்க்க மறுபடி போனோம். மிஸ்ஸியம்மா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே தொழுவத்துக்குள் நடந்தார். வெள்ளை ஷூ சாணியில் வழுக்கி, என் தோளைப் பற்றிக்கொண்டார்.

"அய்யய்யோ, துரைசானி!" என்று மாமியார் ஓடிவந்தார்.

"எஸ்தர் வரும் வழியே நானும் வருவேன்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "நீங்க பின்னால வந்து என்னம்மா ஆகப்போகுது? நான்லா முன்னால வரணும்."

உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "அத்தே, எம்பிள்ளைக்கு மூச்சு குடுத்தது அவுகதான். முன்னால கூட்டிட்டு வாங்க."

மாமியார் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே முன்வாசலைத் திறந்துவிட்டார்.

மறுநாள் ரிப்போர்ட் புக்கோடு பங்களாவுக்குப் போனேன். பழக்கதோஷத்தில் பின்பக்கம் போனால், பூட்டு தொங்கியது. "முன்னால போம்மா. இனி எல்லாருக்கும் அதான் வழியாம்" என்றார் சமையல்காரர். மனுஷி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள்!

ஹெட் நர்ஸ் ஆன பிறகு

சுதந்திரம் வந்த வருஷம் மிஸ்ஸியம்மா சீமைக்குத் திரும்பினார். அந்தப் பங்களாவில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரு மழை நாள், வார்டு கூட்டும் செல்லாயி பின்வாசலில் நனைந்துகொண்டு நின்றாள்.

"ஏட்டி, முன்னால வந்தா என்ன?"

"நீங்கதானக்கா இந்தப் பக்கமா வரச் சொன்னிய."

எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவே இல்லை. மிஸ்ஸியம்மா பூட்டிய கதவைத் திறந்து வைத்ததும் நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளை உள்ளே அழைத்துத் தலை துவட்டத் துண்டு கொடுத்துவிட்டு, பின்வாசலைப் பூட்டப் பழைய பூட்டைத் தேடினேன்.

புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். நேற்றுக் கழுவிய கைதானே என்று இன்று கழுவாமல் கேஸைத் தொடமாட்டீர்கள். யாரைப் பின்வாசலுக்கு அனுப்புகிறோம் என்று பார்ப்பதும் அப்படித்தான், தினமும் பார்க்கணும்.