சமிஜோவின் கத்திக்கு வயது சொன்னவர்

சோலோ நகரச் சந்தையில் கிரிஸ் என்னும் நெளிநெளியான பரம்பரைக் கத்திகளுக்கு வயது சொல்பவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் சுகெங் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கத்தியை உறையிலிருந்து உருவி நெற்றிக்கு உயர்த்துவார். நகத்தால் சுண்டி ஓசை கேட்பார். வெயிலில் சாய்த்து, மடித்து மடித்து அடித்த இரும்பின் வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பார். டீ ஆறுவதற்குள் வயதைச் சொல்லிவிடுவார்.

வீட்டுக் கத்திகளைக் கழுவிப் பூஜை செய்யும் சுரோ மாதம் ஒன்றில் வோனோகிரிப் பக்கத்து விவசாயி வகிஜான், தன் தகப்பனார் சமிஜோவோடு வந்தார். கையில் ஒன்பது வளைவுள்ள குடும்பத்துக் கத்தி. நானூறு வருஷத்துச் சொத்து என்று வீட்டில் நம்பிக்கை.

சுகெங்குக்குப் பசி நேரம். சுற்றிலும் கூட்டம் வேறு. கத்தி முழுக்க அமிலம் தின்ற பள்ளம். புதுசைப் பழசாக்கி விற்கும் மோசடிக்காரர்களின் வேலை அப்படித்தான் இருக்கும். உள்ளே மறைந்திருக்கும் காம்பைப் பார்க்கக் கைப்பிடியைக் கழற்றப் போனார். இறுகிக் கிடந்தது. விட்டுவிட்டார்.

"நானூறா? மிஞ்சிப்போனா நாப்பது. மதுராத் தீவுல அடிச்சு ஆசிட்ல ஊறப்போட்ட சரக்கு."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். "என் வீட்டு வெங்காயக் கத்திக்கு இதைவிட வயசு ஜாஸ்தி! இதுக்கா பூப்போட்டுப் புகை காட்டினீங்க?"

வகிஜான் தகப்பனார் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நல்லதை வித்துட்டு இதை வச்சுட்டியா?"

"நான் மாத்தலடா. சத்தியமா மாத்தல." பெரியவர் சுகெங்கைப் பார்த்தார். "ஐயா, இன்னொரு தரம் பாருங்களேன்."

சுகெங் அதற்குள் அடுத்த கத்தியை எடுத்திருந்தார்.

அன்றிலிருந்து பெரியவரின் அந்தக் குரல் சுகெங்கை விடவில்லை. பட்டப்பகலில், சந்தைக் கூச்சலுக்கு நடுவில், முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவார்கள். திரும்பினால் ஆள் இருக்காது. "ஏதோ ஒரு கத்தியோட ஆவி உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள் மனைவி சுல்யாத்தி. தன்னைப் பிடித்திருப்பது கத்தி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒன்பது வளைவு கைக்கு வந்தால் மட்டும் இரண்டு தரம் பார்ப்பார்.

பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். "கைப்பிடி ஆடுதுங்க. இறுக்கித் தாங்க" என்று கத்தியை நீட்டினாள். பார்த்த மாத்திரத்தில் சுகெங்குக்கு அது எந்தக் கத்தி என்று தெரிந்துவிட்டது.

கைப்பிடியைத் திருகினார். கழன்று வந்தது. உள்ளே சுற்றியிருந்த துணி தூளாக உதிர்ந்தது. அதற்குள் இருந்த காம்பில் அமிலம் படவேயில்லை. எத்தனையோ தலைமுறை தேய்ந்து மெலிந்த பழைய இரும்பு. இப்படி முறுக்கி அடிக்க இன்றைக்கு ஆளில்லை.

"இதுல ஆசிட் ஊத்தினது யாரும்மா?"

"சித்தப்பாங்க. துரு போகட்டும்னு பேட்டரித் தண்ணில கழுவினாராம். பயந்துக்கிட்டு ரொம்ப நாள் வாயே திறக்கல, இப்பத்தான் எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

"அந்தப் பெரியவர், உங்க தாத்தா?"

"செத்து எட்டு வருஷமாச்சு. அப்பா அவரோட பேசவே இல்ல. ஊரே திருடன்னுச்சு. ஆட்டுக் கொட்டகையிலதான் கடைசி வரைக்கும் இருந்தாரு. ஆட்டுக்கிட்டகூட மாத்தலன்னு சொல்லிக்கிட்டிருப்பாரு."

அவள் பெயர் வினார்த்தி, வகிஜானின் மகள். வயது சொன்னவன் நான்தான் என்று சுகெங் சொன்னார். கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டாள். மறுநாள் இருவரும் அவள் ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

வகிஜானுக்கு முடி நரைத்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டார், கத்தவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவருகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார்.

பெரியவரின் கல்லறை, வெள்ளைப் பூ உதிர்க்கும் கம்போஜா மரத்தடியில் இருந்தது. சுகெங் குத்த வைத்து உட்கார்ந்தார். "பெரியவரே, நானூறுக்குக் குறையாது. நீங்க எதையும் மாத்தல. நான் சரியாப் பாக்கல." ஒரு பூ உதிர்ந்து விழுந்தது. வகிஜான் எட்டவே நின்றார். "அப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டார்.

வினார்த்தி நீட்டிய கத்தியை வாங்கிக்கொள்ளவும் வகிஜான் கை நீட்டவில்லை. "அவரை வெளிய தள்ளிட்டு இதை எப்படி உள்ள வைக்கறது?"

"அப்பா மனசு ஆறற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும். நானே வந்து வாங்கிக்கறேன்" என்று வினார்த்தி கத்தியைச் சுகெங்கிடம் கொடுத்து, அவரைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள்.

நாலு வருஷமாகிறது. அவள் வரவில்லை. கத்தி சுகெங்கின் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அங்கே யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கிறது என்று இப்போதெல்லாம் சுல்யாத்தி அந்த அறைக்குள் போவதில்லை.