அங்கியின் முதுகில் ஒரு கட்டைவிரல்

சூனியக்காரியின் முதுகைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முகத்தைப் பார், ஈட்டி வளைந்திருக்கிறதா பார், மேஜையில் வைத்தால் ஆடாமல் நிற்கிறதா பார். பாடம் அதோடு முடிந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்பக்கம், பிளாஸ்டிக் வார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் நான் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். வாளி மூடியும் சுவிட்ச் பெட்டியும் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குத் திடீரென்று ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பலகையில் வைத்து ஆடும் விளையாட்டாம். அதற்கு விரல் நீளத்தில் சின்னச் சின்ன உருவங்கள் வேண்டும். ஈட்டி பிடித்த வீரன், கொம்பு வைத்த அரக்கன், முக்காடு போட்ட சூனியக்காரி. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வாங்குகிறவர்களே வீட்டில் உட்கார்ந்து வண்ணம் பூசிக்கொள்வார்களாம். பெரிய ஆம்பளைங்க பூசுவாங்களாம் என்று கேட்டதும் எங்கள் மேஜையே சிரித்தது. அந்த விளையாட்டை எப்படி ஆடுவது என்று கடைசிவரை எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

ஆனால் எது நல்லது, எது ஆகாது என்று தெரியும். சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அதில் பழுதான பொம்மைகளை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் பிசிறு இவ்வளவு இருந்தால் பரவாயில்லை, இதற்கு மேல் என்றால் ரிஜெக்ட். மூக்கு இந்த அளவு மழுங்கலாம், இதற்கு மேல் கூடாது. வளைந்த ஈட்டியை வெந்நீரில் முக்கி, நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் போட்டால் நின்றுவிடும். தேறினது பச்சைக் கிரேட் பெட்டிக்கு, தேறாதது சிவப்புக் கிரேட்டுக்கு. சிவப்பில் விழுந்ததெல்லாம் கிரைண்டருக்குப் போய்த் தூளாகி, புதுப் பிளாஸ்டிக்கோடு கலந்து, மறுபடியும் மெஷினுக்குள் போகும். நேற்று நான் வேண்டாம் என்று தள்ளிய முகம் நாளைக்கு இன்னொரு முகமாகத் திரும்பி வரும். அந்த நினைப்பே எனக்குப் பிடிக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொருகும் நேரத்தில், அத்தனை சாம்பல் முகமும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும்.

மூன்றாம் மெஷினில் ஒரு அண்ணன் இருந்தார். பழவேற்காடு பக்கத்து ஊர். ஓயாமல் பேசுவார், கேன்டீன் சாம்பாரைத் திட்டாத நாள் கிடையாது. ஒருநாள் அவர் கை அச்சுக்குள் இருக்கும்போதே அச்சு மூடிக்கொண்டது. சென்னைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதி புரியாது. அந்த மெஷினுக்கு ஒரு கதவு உண்டு. கதவை மூடினால்தான் ஓடும், திறந்தால் நின்றுவிடும். ஆளின் கையைக் காப்பாற்றத்தான் அந்தக் கதவு. ஆனால் ஒவ்வொரு முறையும் திறந்து மூடினால் நேரம் போகிறதே! கதவின் சுவிட்சைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கதவு மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். பொம்மை ஆறி, தானாகத் தட்டில் விழும்வரை காத்திருக்காமல், சுடச்சுடக் கையை விட்டுப் பிடுங்கி எடுப்பார்கள். எல்லா ஷிஃப்டிலும் அப்படித்தான். சூப்பர்வைசருக்குத் தெரியாதா? அவர்தான் கம்பியே கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணன் போன பிறகு மெஷினுக்குப் பூஜை போட்டார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி, பூசணிக்காய் உடைத்து, குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைக்கத் தெரிந்த மகராசன்களுக்கு அந்தக் கம்பியை அவிழ்க்கத் தெரியவில்லை. கற்பூரம் அணைந்ததும் கம்பியோடேயே மெஷின் ஓட ஆரம்பித்தது.

காரியம் முடிந்த பிறகு அண்ணனின் மனைவிக்கு வேலை கொடுத்தார்கள். எங்கள் மேஜைதான், எனக்குப் பக்கத்து ஸ்டூல். என்னைவிடச் சில வயது மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். தற்காலிக வேலை. சரியாகப் பார்த்தால் நிரந்தரம் ஆகும், தப்புப் பொம்மையைப் பாஸ் பண்ணினால் வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒன்று, படுத்த படுக்கையாக மாமியார். அந்த வேலையை விட்டால் அக்காவுக்கு வேறு வழி இல்லை.

கெட்டிக்காரி. சீக்கிரமே கை பழகிவிட்டது. வீரன், அரக்கன் எதுவானாலும் தயங்காமல் தள்ளுவார். ஆனால் சில சூனியக்காரிகளை மட்டும் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு மெல்லப் பச்சையில் வைப்பார். ஒருநாள் அந்தக் கிரேட்டில் இருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அங்கியின் முதுகில் ஒரு குழி.

"இன்னாக்கா இது? இத்தப் போய் பாஸ் பண்ணிக்கினு கீறியே! ஆர்டர் குடுத்த பார்ட்டிக்காரன் பாத்தா உன்னைத்தான் ஊட்டுக்கு அனுப்புவானுங்க."

அக்கா அந்தப் பொம்மையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கிரேட்டுக்குச் சீல் குத்துகிற நீல மைப்பெட்டியைத் திறந்து, விரலால் மையைத் தொட்டு அந்தக் குழியில் தடவினார். துணியால் மேலாகத் துடைத்தார். மேலே இருந்த மை போய்விட்டது, பள்ளத்தில் இருந்த மை நின்றது. சாம்பல் அங்கியின் முதுகில் கோடுகோடாக ஒரு கட்டைவிரல் ரேகை எழும்பி வந்தது. நடுவில் குறுக்காக ஒரு வெட்டு.

"சின்ன வயசுல நண்டு வலையை அறுக்க சொல்லோ கத்தி பட்டுச்சாம். அவரோடதுதான்" என்றார்.

அங்கி கனமான பாகம், மற்ற இடங்களைவிட மெதுவாகத்தான் ஆறும். சூட்டோடு பிடுங்கும்போது கட்டைவிரல் அதில் அழுந்தியிருக்கிறது. அச்சில் இருந்து வெளியே வந்த கையின் அடையாளம். அந்தக் கிரேட்டின் சீட்டைப் பார்த்தேன். அண்ணன் கடைசியாக ஓட்டிய லாட், அவர் கையால் வந்த கடைசிச் சரக்கு. விபத்துக்குப் பிறகு ஓரமாக வைத்திருந்ததை இப்போதுதான் மேஜைக்கு இறக்கியிருந்தார்கள்.

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். வேறென்ன செய்ய? புருஷன் விரலை எடுத்துச் சிவப்பில் போடு என்று எந்த வாயால் சொல்வது? அந்தக் கிரேட்டுகள் பாஸாகிக் குடோனுக்குப் போயின. கம்பெனி வேனில் வீட்டுக்குப் போகும்போது யார் கையைப் பார்த்தாலும் கட்டைவிரல்தான் கண்ணில் பட்டது. அந்த வாரம் அம்மா பிடி கொழுக்கட்டை செய்து தட்டில் வைத்தாள். அதில் அவள் விரல் தடம் பதிந்திருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "இன்னாடி பேய் அறைஞ்ச மாதிரி கீற?" என்று கேட்டாள். அறைந்ததுதான், ஆனால் அவளுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்து வந்த லாட்டில்தான் எல்லாம் தலைகீழானது. அக்கா ஒரு சூனியக்காரியைத் திருப்பிப் பார்த்தார், மை தடவித் துடைத்தார். ரேகை வந்தது. குறுக்கு வெட்டு இல்லை. வேறு விரல். உயிரோடு இருக்கிற யாரோ ஒருவரின் விரல். அக்கா அந்தக் கிரேட்டில் கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து, தடவி, துடைத்துப் பார்த்தார். முக்கால்வாசியில் அதே விரல்.

"இன்னும் கைய உட்டுக்கினுதான் எடுக்கறானுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாக்கா. கம்பி இன்னும் அப்பிடியேதான் கீது."

அக்கா மொத்தக் கிரேட்டையும் சிவப்பில் கவிழ்த்தார். அடுத்ததையும் கவிழ்த்தார். சாயங்காலத்துக்குள் கிரைண்டர் அறை வாசலில் சிவப்புக் கிரேட் அடுக்கடுக்காக நின்றது.

மறுநாள் மூன்றாம் மெஷினின் புது ஆபரேட்டர் கோபமாக மேஜைக்கு வந்தார். ஆந்திர எல்லையில் இருக்கிற தடா பக்கத்து ஆள், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. ரிஜெக்ட் ஏற ஏற அவருக்கு இன்சென்டிவ் பணம் போய்விடும்.

"இன்னாக்கா பேஜாரு பண்ற? முதுகை எவன் பாக்கப்போறான்? என் டப்பு போவுது."

அக்கா ஒரு பொம்மையை எடுத்து, மை தடவி, துடைத்து அவர் கையில் வைத்தார். "இது யாரு வெரலு?"

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார்.

"அவரு வெரலும் இப்பிடித்தான் நைனா வந்துச்சு. அப்பால வெரலு மட்டும்தான் வந்துச்சு, ஆளு வரல. உன் குழந்தைய தூக்க இந்தக் கை வேணுமா வேணாமா?"

அவர் பொம்மையை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டே பின்னாலேயே சூப்பர்வைசர் வந்தார். சுவர்ப் பலகையைக் காட்டி, விரல் தடம் ரிஜெக்ட் என்று அதில் எங்கே இருக்கிறது என்று சத்தம் போட்டார். அந்த இடத்தில் எனக்கும் பொறுக்கவில்லை. "வண்ணம் பூசுற பொம்மை சார். முதுகுல மை நிக்குற மாதிரிதானே பெயிண்டும் நிக்கும்? பார்ட்டி வந்து பாத்தா நீங்களா பதில் சொல்வீங்க?" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகப்பட்டது. பார்ட்டியின் ஆட்கள் அந்த வாரம்தான் சோதிக்க வருவதாக இருந்தது.

சூப்பர்வைசர் அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பினார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சரிம்மா. இது ரிஜெக்ட்னா உன் ஊட்டுக்காரரு லாட்டும் ரிஜெக்ட்தானே? அத்த மட்டும் எப்பிடிப் பாஸ் பண்ண? ஒண்ணு ரெண்டும் ரிஜெக்ட், இல்ல ரெண்டும் பாஸ். நீயே சொல்லு."

பாவி மனுஷன், சரியான இடத்தில் கையை வைத்தார். அக்காவின் வாயை அடைக்கத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அக்கா புருஷன் விரலைத் தள்ள மாட்டார், பாஸ் என்றுதான் சொல்வார், கம்பியும் அப்படியே இருக்கும், மெஷினும் வேகமாக ஓடும் என்று நம்பித்தான் கேட்டார். அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பொம்மைகளைத் தவிர அண்ணன் தொட்டதாக அவருக்கு மிச்சம் என்ன இருந்தது? துணிமணியைக்கூட வழக்கப்படி கொடுத்துவிட்டார்கள். ஃபோட்டோவில் விரல் தெரியாது.

"குடோன் சாவி குடுங்க" என்றார் அக்கா.

நானும் கூடப் போனேன். குடோனில் அண்ணனின் கிரேட்டுகள் சீல் குத்தித் தயாராக இருந்தன. ஒவ்வொன்றாக இறக்கி மேஜைக்குக் கொண்டுவந்தோம். மொத்தமாகக் கவிழ்த்துவிடலாம் என்று சொன்னேன். அக்கா கேட்கவில்லை. ஒவ்வொரு சூனியக்காரியையும் எடுத்துத் திருப்பி, குழியில் தன் கட்டைவிரலை வைத்து, கொஞ்சம் அப்படியே இருந்துவிட்டுத்தான் சிவப்பில் போட்டார். தடம் இல்லாதவற்றைப் பச்சையிலேயே விட்டார். எதையும் மறைத்து எடுத்துப்போகவும் முடியாது, வாசலில் பை சோதிப்பார்கள். ஒன்றை நானாவது ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுபோய்த் தரட்டுமா என்று காதோடு கேட்டேன்.

"வேணாம். ஒண்ணு வெச்சிக்கினா எல்லாத்தையும் வெச்சிக்கணும்னு தோணும்" என்றார்.

சூப்பர்வைசருக்கு வேறு வழியில்லாமல் போனது. எல்லா லாட்டும் சிவப்பில் விழுந்தால் ஆர்டரே போய்விடும். அவரே குறடு கொண்டுபோய்க் கம்பியை வெட்டினார். கதவை மூடி, பொம்மை ஆறி விழும்வரை விட்டார்கள். மெஷின் மெதுவாக ஓடியது.

அண்ணனின் கிரேட்டுகளைக் கிரைண்டரில் கொட்டும் வேலை புது ஆபரேட்டருக்கு விழுந்தது. கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் அந்த அறையில் காது கிழிந்தது. அக்கா வாசலில் நின்றார், நான் பக்கத்தில் நின்றேன். கிரேட் சரிந்தது. சாம்பல் உருவங்கள் உள்ளே விழுந்தன, முறுமுறுவென்று நொறுங்கின. அக்கா கிரேட்டைப் பார்க்கவே இல்லை. அந்த ஆளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரைண்டரின் வாய்க்குள் சிக்கிக்கொண்ட ஒரு பொம்மையைத் தள்ளிவிட அவர் கை லேசாக முன்னால் போனது.

"நைனா! கைய எடு!" என்று அக்கா அலறினார். "அது எங்கூட்டுக்காரருதான், தானா போவும். நீ கைய எடு!"