பந்தல் நிழலில் காயாத துண்டு

தேனியில் கம்பம் வண்டி ஏறியபோது காலை எட்டே கால். உத்தமபாளையத்துக்கு முப்பது கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். ஆனி மாதம். மேற்கே மலைமேல் மேகம் கட்டி நின்றதே தவிர இறங்கவில்லை. பள்ளத்தாக்கு முழுக்கப் புழுக்கம். உத்தமபாளையத்தில் நான்கு இட்லி தின்றுவிட்டு ராயப்பன்பட்டிக்கு நடந்தேன். ஆறு கிலோமீட்டர். எங்கும் நடந்தே போவது என் பழக்கம். பெரிய காரணம் கிடையாது.

வழியெல்லாம் வெயில்தான். ஆனால் காற்று இருந்தது. குழாயைக் கண்ட இடத்தில் துண்டை நனைத்துத் தோளில் போடுவேன். அடுத்த குழாய்க்குள் காய்ந்துவிடும். சிரமம் தெரியவில்லை.

பத்தே முக்கால் மணிக்கு ஊருக்குச் சற்று முன்பாக ஒரு திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே கொடி படர்ந்த பந்தல். அன்று நீர் பாய்ச்சிய ஈரம் மண்ணில் இருந்தது. நிழலைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவே ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருந்தாள். கடைசித் தூணருகே ஒருவர் செல்போனில் நேரம் பார்த்து நின்றார்.

அவர் செபஸ்தியான், தோட்டக்காரர். ஓடியவள் அவர் மகள் ஆரோக்கியமேரி. காவலர் எழுத்துத் தேர்வில் தேறியிருக்கிறாள். நாலு நாளில் தேனியில் ஓட்டம்: நானூறு மீட்டர், இரண்டரை நிமிடம். போன தடவை அவள் முறை வந்தபோது பதினொரு மணி. பாதிக்குமேல் ஓடி மயங்கி விழுந்துவிட்டாள். அடுத்த தேர்வுக்கு வயது தாண்டிவிடும். அதனால் தினமும் அதே நேரத்தில் பயிற்சி.

“வெயில்ல விட்டா திரும்ப விழுந்துரும்ல தம்பி. அதான் இங்கன, நிழல்ல ஓடவிடுறேன்.”

அவள் வந்து தூணைப் பிடித்துக் குனிந்தாள்.

“எத்தனப்பா?”

“ரெண்டு நாப்பது. நேத்தையவிட நாலு செகண்டு கூட, ஆத்தா.”

அவள் கையில் மயிர் குத்திட்டு நின்றது. உப்பளத்தில் வேலை பார்த்தபோது இப்படிச் சிலரைக் கண்டிருக்கிறேன். உடம்பு சூடு தாங்காமல் போகிற அடையாளம். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன்.

“வேர்க்கையில குடிக்கக் கூடாதும்பாக,” என்றார் செபஸ்தியான்.

“யாரு?”

“எல்லாரும்தேன்.”

“அப்ப எல்லாரையும் வந்து ஓடச் சொல்லுங்க,” என்று வாங்கிக் குடித்தாள்.

வாய்க்கால் கரையில் காற்றுப்பட உட்காரவைத்துத் தலையில் நீர் ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள். அப்போதுதான் என் துண்டைக் கவனித்தேன். பந்தலுக்குள் சும்மா நின்றவன் நான். நான் உள்ளே வந்தபோது இருந்ததைவிட, என் வேர்வையில் துண்டு ஈரமாகியிருந்தது. வெயிலில் ஆறு கிலோமீட்டர் நடந்தும் சட்டை இப்படி நனையவில்லை. அதைச் சொன்னேன்.

“நெழல் சுடுதுங்கிறீகளா?”

“சுடலண்ணே. காத்து வரல, வேர்வை காயல.”

“காயாட்டி உடம்பு குளுரத்தான செய்யணும்?”

வழியில் துண்டு காயும்போதுதான் தோள் குளிர்ந்தது என்றேன். ஏனென்று விளக்கும் அளவுக்கு நான் படிக்கவில்லை; எட்டாவது வரைதான்.

“நாளைக்கு வெளிய ஓடிப் பாக்குறேன்,” என்றாள் மேரி. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் என்னைச் சாப்பிட வைத்து, மோட்டார் ரூமில் படுக்கவும் சொன்னார்.

மறுநாள் பதினொரு மணி. மருந்தடிக்கும் நூறு மீட்டர் ஹோஸை நாலு முறை இழுத்துப் போட்டு வாய்க்கால் கரையில் தூரம் அளந்தார். தலையையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு நிமிடம் இருபத்தேழு விநாடி. செபஸ்தியான் போனை என்னிடம் காட்டிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“நேத்துப் பாத்தது என்னோட மூணாவது ஓட்டம். இன்னைக்கு இதுதான் மொத ஓட்டம். காத்துதான்னு முடிவு கட்டிராதீக.” பிறகு என்னைக் கேட்டாள்: “தேனி மைதானத்துல காத்து வருமாண்ணே?”

அந்த வழியாகப் பலமுறை நடந்திருக்கிறேன். காற்று வந்ததா என்று கவனித்ததில்லை.

அடுத்த நாள் ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் குழப்பம் தீரவில்லை. முந்தாநாள் நான் பேசியது சரியா, அவளைக் கெடுத்துவிட்டேனா? தேனியில், நான் போகவேண்டிய மதுரை வண்டியைப் பிடிக்காமல், ஓட்டம் நடக்கும் மைதானத்துக்குப் போனேன். மூன்று பக்கமும் தோளுயரச் சுவர். சரியாகப் பதினொரு மணிக்குத் துண்டை நனைத்தேன். சுவரின் மேல் நீட்டியிருந்த கம்பியில் மாட்டி, பாதி சுவருக்கு மேலே நிற்கவும் பாதி சுவர் மறைவில் உள்பக்கம் தொங்கவும் விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். மேல்பாதி காய்ந்திருந்தது. கீழ்ப்பாதி அப்படியே ஈரம்.

இதை வைத்து என்ன சொல்வது? செபஸ்தியானுக்குப் போன் போட்டு, பார்த்ததை மட்டும் சொன்னேன். அவள் போனை வாங்கினாள்.

“சுவரு எம்புட்டு ஒசரம்?”

“உன் தோள் வரைக்கும் இருக்கும்மா.”



“அப்ப தல காத்துலதான இருக்கும்? தலைய நனைச்சுட்டு ஓடுறேண்ணே.”

துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். ஈரப்பாதி மதுரை வரைக்கும் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது.