குறட்டை ரூமுக்குப் போன கார்மேகம்

வளைகுடாவில், முவைலா தொழிலாளர் கேம்பில் அந்த வாரம் வெங்காயம் உரித்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் உரித்தார்கள். கார்மேகம் வேணுமென்றே பன்னீர்செல்வத்தின் காலில் ஃபோர்க்லிஃப்டை ஏற்றினானாம். குறட்டை தாங்காமல் பன்னீர் அவனை ரூமைவிட்டு விரட்டிய ஆத்திரமாம். இந்தக் கதை மெஸ்ஸுக்கு வந்தபோது ஒரு சரக்கு பாட்டிலும் சேர்ந்துகொண்டது. வாஷிங் மெஷின் பக்கம் போவதற்குள் பாட்டில் இரண்டாகிவிட்டது. வதந்திக்கு என்ன, விசாவா வேண்டும்? நடந்தது வேறு. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கார்மேகம் பரமக்குடிப் பக்கத்துக்காரன். டைல்ஸ் கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை திரும்பாது. ஆளே மொத்தமாகத் திரும்புவான். "அண்ணன் கழுத்துக்குக் கஞ்சி போட்டுத் தேச்சிருக்காருடா" என்று பையன்கள் சிரிப்பார்கள். கஞ்சியில்லை, முதுகெலும்பு வாதம். எலும்போடு எலும்பு ஒட்டி, முதுகு மூங்கிலாக இறுகிக்கொண்டே போகிற நோய். லீவில் போனபோது மதுரை டாக்டர் சொன்னது. கம்பெனிக்கு அவன் மூச்சுக்கூட விடவில்லை. தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்குவார்கள். இறக்கினால் அடுத்தது ஊருக்கு டிக்கெட்தான். ஊரில் மனைவி பஞ்சவர்ணமும் மகள் சந்தியாவும் அந்தக் கழுத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

பஸ்ஸில் தூங்குவான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் தூங்குவான். இந்த நோய்க்கு அசதி உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே வந்த தூக்கத்தையெல்லாம் முதுகின் மேலேயே பழி போட்டான்.

மேல் கட்டிலில் பன்னீர்செல்வம். கார்மேகத்தின் குறட்டை அவனை எழுப்பாது. குறட்டை நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பான். இறங்கி வந்து உலுக்குவான். விடிந்ததும் அதே பாட்டு.

"மாப்ள, நீ தூங்கல. செத்துச் செத்துப் பொழைக்கிற. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா."

"போடா, ஒனக்குக் காது கோளாறு."

அந்தக் கேம்பில் ஒரு வழக்கம். குறட்டைக்காரர்களைப் பொறுக்கி வராந்தாவின் கடைசி ரூமில் போட்டுவிடுவார்கள். வங்காளி, பாகிஸ்தான் பட்டாணி, மலையாளி என்று எல்லா நாட்டு ஜெனரேட்டரும் அங்கே ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை கார்மேகம் பெட்டியோடு அங்கே போய்ச் சேர்ந்தான். அத்தனை சத்தத்தில் ஒருவன் சத்தம் நின்றால் யாருக்குக் கேட்கும்? உலுக்கவும் ஆளில்லை. தூக்கம் பகலுக்கு இடம் மாறியது.

ஒரு மத்தியானம், கிடங்கில் பன்னீர் குனிந்து பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தான். கார்மேகத்தின் வண்டி வந்தது. நிற்கவில்லை. பன்னீரின் அலறலில்தான் கார்மேகம் கண்ணைத் திறந்தான். ஆஸ்பத்திரியில் பன்னீரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கார்மேகம் குடித்திருக்கிறானா என்று போலீஸ் சோதித்தது. ஒரு சொட்டும் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவன் மறுபடி தூங்கிப்போனான். குளச்சல்காரி நர்ஸ் ஜெபிஷா பார்த்துவிட்டு உலுக்கி எழுப்பினாள்.

"அண்ணே, உறங்கச்சில நீங்க மூச்சு விடல்ல. தெரியுமா?"

மறைத்து வைத்திருந்த முதுகு வாதத்தையும் அங்கே சொல்லவேண்டி வந்தது. சோதனையிலும் அதுதான் வந்தது. கழுத்தும் நெஞ்சும் இறுகினவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைத்து அடைத்துத் திறக்குமாம்.

"மூக்குல மெஷின் வச்சிட்டு உறங்குனா நல்லா கொறையும். இம்புட்டு நாளும் பழிய முதுகு தலையில கெட்டி வச்சிட்டியளே" என்றாள் ஜெபிஷா.

கேஸ் முடிந்தது. வண்டி போனது, விசா போனது. ஊருக்குப் புறப்படும் அன்று மெஸ்ஸில் கேம்ப் பையன் மணிகண்டன் ஆறுதல் சொல்லப் பார்த்தான்.

"இருந்தாலும்ணே, ரூம விட்டு வெரட்டுனா யாருக்குத்தான் கோவம் வராது?"

கார்மேகம் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"எவன்டா வெரட்டுனான்? நானாத்தான் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போ போன்னு உசுர வாங்குனான். போனா வேல போயிருமேன்னு அவன்ட்ட இருந்து தப்பிச்சு ஓடுனேன். பேசுறதா இருந்தா அதப் பேசுங்க."